மேடத்தின் பிரியாவிடையில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். 'ஹீ'யும் 'ஷீ'யும் குழம்புகிறது

வவுனியாவில் படித்து வளர்ந்த 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கொம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. வெள்ளவத்தையில் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவருடைய பிரிவின் மனேஜர், சிங்களம் பேசும் ஒரு பெண்மணி, 1996 இல் அங்கே சேர்ந்தவர், அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பிரியாவிடையில் பிரிவின் சார்பில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பை, "உமக்குத்தான் மேடத்தோட நல்ல பழக்கம்" என்று சொல்லி எல்லோருமாக இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், மின்னஞ்சல் எழுதவும் வரும், ஆனால் நாலு பேருக்கு முன்னால் நின்றால் வாய் கட்டிவிடுகிறது என்கிறார். பேச்சை முதலில் தமிழில் எழுதி, பிறகு வரிக்கு வரி ஆங்கிலமாக்கியிருக்கிறார். சின்னம்மாவின் மகன் அதைப் பார்த்துவிட்டு "இது சின்னப் பிள்ளைகளின் இங்கிலிஷ்" என்று சொல்லி, போனில் உள்ள ஏஐயிடம் கேட்டு வேறொரு பேச்சை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை வாசித்தால் நாக்கு புரளவில்லை. இரண்டையும் எனக்கு அனுப்பிவிட்டுக் கேட்கிறார்: எதைப் பேசுவது? 'ஹீ', 'ஷீ' ஏன் மாறி மாறி வருகிறது? 'ஹஸ்', 'ஹேட்' எங்கே போடுவது? மேடம் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது 'ஷீ' என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லையா? தமிழிலேயே பேசுகிறேன் என்று கேட்கலாமா, அல்லது விலகிவிடலாமா? கடைசியாக, மேடத்தின் கணவர் இரண்டு வருடம் நோயில் கிடந்து காலமானதையும், அந்த நாட்களிலும் மேடம் வேலையை விடாமல் வந்ததையும் சொல்ல விரும்புகிறாராம்.

அன்பான தங்கைக்கு,

உங்கள் இரண்டு பேச்சுகளையும் வாசித்தேன். உங்களுடையதையே பேசுங்கள். அதில் பிழைகள் இருக்கின்றன, திருத்தித் தருகிறேன். ஆனால் அதில் மேடம் இருக்கிறார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஜன்னலைத் திறந்துவிடுகிறவர், மாத முடிவில் கணக்கு பொருந்தாவிட்டால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உங்கள் பக்கத்தில் உட்காருகிறவர், உங்களுடைய பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று முதல் நாளே இரண்டு தரம் கேட்டவர். இதையெல்லாம் அந்த மண்டபத்தில் உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. தம்பி எடுத்துத் தந்த பேச்சில் 'இன்டிஃபேட்டிகபிள்' என்று ஒரு சொல் இருக்கிறது, 'எக்ஸெம்ப்ளரி' இரண்டு இடத்தில் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் அது கொழும்பில் இந்த வருடம் ஓய்வு பெறும் எந்த அதிகாரிக்கும் பொருந்தும். இருபத்தொன்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது 'இன்டிஃபேட்டிகபிள்' என்பதில் நாக்கு தடுக்கினால், அதற்குப் பிறகு வரும் நல்ல வரிகளும் கலைந்துபோகும்.

சின்னப் பிள்ளைகளின் ஆங்கிலம் என்ற பேச்சைத் தூக்கி ஒருபக்கம் வையுங்கள். சிறிய வாக்கியம், தெரிந்த சொல், சரியான காலம். ஒரு மனிதரைப் பற்றிப் பேச இவை போதும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் பிரியாவிடையில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

விலகுவதைப் பற்றி: உங்களை யாரும் வற்புறுத்த முடியாது. வேலை ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு காரியம் இது, "என்னால் முடியாது" என்று சொன்னால் அதோடு முடிந்தது. தமிழில் பேசுவதும் தவறில்லை. 1987 இல் வந்த 13ஆம் திருத்தத்தின் பிறகு நமது அரசியலமைப்பில் சிங்களத்தோடு தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆனால் அந்த ஏற்பாடுகள் அரசாங்கத்தின் கருமங்களைப் பற்றியவை. ஒரு தனியார் கொம்பனியின் பிரியாவிடையில் எந்த மொழி என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை, அங்கே யோசிக்க வேண்டியது யாருக்கு விளங்க வேண்டும் என்பதைத்தான். மேடத்துக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு விளங்காத மொழியில் அவரைப் புகழ்ந்தால், பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துச் சொல்லும்வரை அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் பேசுங்கள், நடுவில் ஒரு வரி தமிழிலோ சிங்களத்திலோ சொல்ல மனம் வந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கடிதத்தை வாசித்தபோது உங்களுக்குப் பேச ஆசை இருக்கிறது, பயம்தான் தடுக்கிறது என்று எனக்குப் பட்டது. அதனால் மேலே போகிறேன்.

'ஹீ' எங்கிருந்து வருகிறது

உங்கள் பேச்சில் பதினொரு இடத்தில் மேடம் ஆணாகிவிட்டார். 'ஹீ இஸ் வெரி கைண்ட்', 'ஹிஸ் ஹஸ்பண்ட்' என்றெல்லாம் வந்திருக்கிறது. இது உங்களுக்கு ஆங்கிலம் தெரியாததால் வந்தது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியனுப்பிய தமிழ்ப் பிரதியைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கிறது. "அவர் மிகவும் அன்பானவர். அவருடைய கணவர்..." என்று எழுத்துத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். எழுத்துத் தமிழின் 'அவர்' மரியாதையைக் காட்டும், ஆணா பெண்ணா என்று காட்டாது. 'வந்தார்', 'சொன்னார்' என்ற வினையும் காட்டாது. அதை வரிக்கு வரி ஆங்கிலமாக்கும்போது உங்கள் கைக்கு முதலில் வருவது 'ஹீ'.

இனி ஒன்று கவனியுங்கள். வீட்டில் அம்மாவோடு போனில் கதைக்கும்போது மேடத்தை எப்படிச் சொல்வீர்கள்? "அவ சொன்னா, அவவின்ர மனுசனுக்குச் சுகமில்லையாம்" என்றுதானே? இயக்குநரைப் பற்றி என்றால் "அவர் சொன்னார், அவற்ற மனுசி" என்பீர்கள். நமது பேச்சுத் தமிழில் இந்த வேறுபாடு பளிச்சென்று இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை. ஒரு நாளும் நீங்கள் இதில் தடுமாறியிருக்க மாட்டீர்கள். ஆகவே எழுத்துத் தமிழில் எழுதிவிட்டு மொழிபெயர்ப்பதை இன்றோடு விடுங்கள். சம்பவத்தை அம்மாவுக்குச் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லுங்கள், 'அவ' வந்த இடமெல்லாம் 'ஷீ', 'அவவின்ர' வந்த இடமெல்லாம் 'ஹர்'. ஒரு கிழமை இப்படிச் சொல்லிப் பழகினால் கை தானாகத் திரும்பும்.

'ஹர்', 'ஹிஸ்' இரண்டும் உடையவரைப் பார்த்து வருபவை, உடைமையைப் பார்த்து வருபவை அல்ல. கணவர் ஆணாக இருந்தாலும் மேடத்தினுடைய கணவர், ஆகவே 'ஹர் ஹஸ்பண்ட்'. மேடத்தின் மகனும் 'ஹர் சன்'தான்.

இன்னொரு சிக்கலும் உங்கள் பேச்சில் இருக்கிறது. 'ஷீ டோல்ட் ஹர் தட் ஷீ வாஸ் ரோங்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் யாருக்குச் சொன்னது, யார் பிழை? இரண்டு பெண்கள் வரும் இடத்தில் ஒருவருக்காவது பெயரோ பதவியோ போடுங்கள்: 'மேடம் டோல்ட் த ஒடிட்டர்...' பெயரைத் திரும்பச் சொன்னால் அழகு கெடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். பேச்சில் அப்படியில்லை, கேட்பவர் பின்னால் திரும்பி வாசிக்க முடியாது. ஒவ்வொரு புதிய விஷயத்தையும் பெயரோடு தொடங்கி, பிறகு 'ஷீ'க்கு வாருங்கள். 'ஹீ' வந்துவிடுமோ என்ற பயமுள்ள இடத்திலும் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால்: இது எப்போது?

நீங்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முடிந்துபோனது, எப்போது என்று சொல்லக்கூடியது என்றால் சாதாரண இறந்தகாலம். 'ஷீ ஜொயின்ட் த கொம்பனி இன் 1996.' நீங்கள் 'ஷீ ஹேட் ஜொயின்ட் டு த கொம்பனி' என்று எழுதியிருக்கிறீர்கள். 'டு' வேண்டாம், 'ஹேட்'டும் வேண்டாம். 'ஹேட்' போட்டால் வாக்கியம் பெரிய ஆட்களுடையதுபோலத் தெரியும் என்று நம்மில் நிறையப் பேருக்கு ஒரு எண்ணம். அது வருவது ஒரே ஒரு தேவைக்கு: கடந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதற்கும் முன்னால் நடந்த இன்னொன்றைச் சொல்ல. 'வென் ஐ கேம் டு த ஒஃபிஸ், ஷீ ஹேட் ஓல்ரெடி ஓப்பன்ட் த வின்டோஸ்.' நீங்கள் வந்தது ஒன்று, அதற்கு முன்பே அவர் திறந்துவிட்டது மற்றொன்று. உங்கள் ஐந்து நிமிடத்தில் 'ஹேட்' இந்த ஓரிடத்தில் வந்தால் போதும், மற்ற ஒன்பதையும் வெட்டிவிட்டேன்.

தொடங்கி இன்றுவரை நீடிப்பது என்றால் 'ஹஸ்'. தமிழில் "29 வருடமாக இங்கே வேலை செய்கிறார்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால்தான் 'ஷீ இஸ் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் ட்வென்ட்டி நைன் இயர்ஸ்' என்று வருகிறது. கொழும்பு அலுவலகங்களில் தினமும் காதில் விழும் வாக்கியம் இது. ஆங்கிலம் கேட்பது 'ஷீ ஹஸ் வேர்க்ட் ஹியர் ஃபோர் ட்வென்ட்டி நைன் இயர்ஸ்', அல்லது 'ஷீ ஹஸ் வேர்க்ட் ஹியர் சின்ஸ் 1996'. தொடங்கிய புள்ளி என்றால் 'சின்ஸ்', எவ்வளவு நீளம் என்றால் 'ஃபோர்'. பிரியாவிடை நாளன்று அவர் இன்னும் உங்கள் மனேஜர்தான், ஆகவே 'ஹஸ் வேர்க்ட்' சரி. அடுத்த கிழமை வேறு யாரிடமாவது சொல்வதானால் 'ஷீ வேர்க்ட் ஹியர் ஃபோர் ட்வென்ட்டி நைன் இயர்ஸ்' ஆகிவிடும். 'ஹஸ்' மட்டும் கழன்றுவிடுகிறது.

இதைத் தெரிந்த மனிதர்களை வைத்துப் பழகுங்கள். முரளிதரன் 1972 இல் கண்டியில் பிறந்தார்: 'ஹீ வாஸ் போர்ன் இன் கண்டி இன் 1972.' ('ஹீ போர்ன்' அல்ல, 'வாஸ்' கட்டாயம். இந்த ஒரு பிழையை மட்டும் எல்லோரும் கவனிப்பார்கள், ஏனென்றால் ஒரு மனிதரைப் பற்றிய பேச்சில் அது முதல் வரியிலேயே வந்துவிடும்.) 2010 ஜூலையில் காலியில் தன் கடைசி டெஸ்டை ஆடினார், 800 விக்கெட்டில் முடித்தார். அந்த ஆட்டம் முடிந்த கதை, ஆகவே 'ஹீ பிளேய்ட் ஹிஸ் லாஸ்ட் டெஸ்ட் இன் 2010.' டெஸ்டில் அதற்கு மேல் எடுத்தவர் இன்னும் இல்லை: 'நோபடி ஹஸ் டேக்கன் மோர்.' இது இன்றுவரை நிற்கிறது, 'ஹஸ்' வந்துவிட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 இல் உலகின் முதலாவது பெண் பிரதமரானவர், 2000 இல் காலமானார். அவருடைய வாழ்க்கை முடிந்துவிட்டதால் 'ஷீ ஹஸ் பீன் பிரைம் மினிஸ்டர் த்ரீ டைம்ஸ்' பொருந்தாது, 'ஷீ வாஸ் பிரைம் மினிஸ்டர் த்ரீ டைம்ஸ்'தான். சுவாமி விபுலாநந்தர் 1892 இல் காரைதீவில் பிறந்தார், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார், 1947 இல் மறைந்தார். மூன்றும் சாதாரண இறந்தகாலம். இந்த மூவரைப் பற்றியும் நாலு நாலு வரி சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், ஒரே நேரத்தில் 'ஹீ', 'ஷீ' பயிற்சியும் ஆகிவிடும்.

அப்புறம் 'யூஸ்ட் டு'. இதை நம் நாட்டில் வழக்கமாகச் செய்வது என்ற பொருளில் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் 'ஷீ யூஸ்ட் டு ஹெல்ப் அஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள், எப்போதும் உதவுவார் என்ற எண்ணத்தில். அதன் பொருளோ முன்பு உதவினார், இப்போது இல்லை என்பது! மேடத்துக்கு முன்னால் அதைச் சொன்னால் குறை சொன்னதுபோல் ஆகிவிடும். இன்னும் செய்வது என்றால் வெறும் நிகழ்காலம் போதும்: 'ஷீ ஓல்வேஸ் ஹெல்ப்ஸ் அஸ்.' முன்பு பஸ்ஸில் வந்து இப்போது காரில் வருகிறார் என்றால் மட்டும் 'ஷீ யூஸ்ட் டு கம் பை பஸ்' சரி.

வினையின் வாலில் ஒரு 'ஸ்'

'ஷீ கம்', 'ஷீ நோ', 'ஷீ ஹெல்ப்' என்று விட்டுவிடுகிறீர்கள். நிகழ்காலத்தில் ஒருவரைப் பற்றிப் பேசினால் அந்த 'ஸ்' வேண்டும்: 'கம்ஸ்', 'நோஸ்', 'ஹெல்ப்ஸ்'. 'ஓல்வேஸ்', 'நெவர்' நடுவில் வந்தாலும் அது போகாது: 'ஷீ நெவர் ஷௌட்ஸ்.' 'டஸ்' வந்தால் அந்த 'ஸ்' அதற்குள் போய்விடுகிறது: 'ஷீ டஸன்ட் ஷௌட்.' 'ஷீ டோன்ட்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'கேன்', 'வில்' வந்தால் 'ஸ்' கிடையாது: 'ஷீ கேன் ஸ்பீக் த்ரீ லாங்குவேஜஸ்.' 'ஷீ இஸ் நோயிங் சிங்களா', 'ஷீ இஸ் ஹேவிங் டூ சன்ஸ்' இரண்டையும் 'ஷீ நோஸ்', 'ஷீ ஹஸ்' என்று மாற்றியிருக்கிறேன். தெரிவதும் உடையவராக இருப்பதும் நடந்துகொண்டிருக்கும் செயல்கள் அல்ல.

'ஷீ இஸ் ஒன் ஆஃப் த பெஸ்ட் மனேஜர்' என்பதில் கடைசியில் 'மனேஜர்ஸ்' வர வேண்டும், பலரில் ஒருவர் அல்லவா? 'ஷீ இஸ் வெரி கைண்ட்' சரி, 'ஷீ இஸ் அ வெரி கைண்ட் பேர்சன்' என்றும் சொல்லலாம். 'ஷீ இஸ் அ வெரி கைண்ட்' என்று 'அ'வைப் போட்டுவிட்டு ஆளைப் போடாமல் விடக்கூடாது. இவை சின்ன விஷயங்கள். பேசும்போது ஒன்றிரண்டு தவறினாலும் கருத்துக் கெடாது.

அந்த வவுச்சர் சம்பவம்

உங்கள் பேச்சின் உயிர் இதுதான், இதை முதலாவது நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் எழுதியது:

'வன் டே ஐ ஹேட் டன் அ மிஸ்டேக். ஹீ இஸ் கமிங் அண்ட் சிட்டிங். ஷீ டோல்ட் டு மீ தட் லெட் அஸ் லுக் டுகெதர். தென் வீ ஆர் ஸ்டேயிங் டில் செவன்.'

தமிழில் கதை சொல்லும்போது சுவாரசியமான இடத்தில் "வாறா, கதிரைய இழுக்கிறா" என்று நிகழ்காலத்துக்குத் தாவுவோம், கேட்க நன்றாகவும் இருக்கும். மேடைக்குப் புதிய நீங்கள் ஆங்கிலத்தில் அதைச் செய்யாமல், தொடக்கம் முதல் முடிவுவரை இறந்தகாலத்திலேயே நில்லுங்கள். அவர் சொன்னதை 'தட்' போட்டுச் சுற்றி வளைக்க வேண்டாம். அயற்கூற்று, காலம் மாற்றுவது என்று பரீட்சைக்குப் படித்ததெல்லாம் இங்கே தேவையில்லை. அவருடைய வாயால் வந்ததை அப்படியே சொன்னால் இலக்கணமும் இலகு, மண்டபத்தில் இருப்பவர்களுக்கும் அவருடைய குரல் கேட்கும். 'டோல்ட்'டுக்குப் பின்னால் 'டு' வராது, 'டோல்ட் மீ'. 'செட்'டுக்குப் பின்னால் ஆளைச் சொல்வதானால் 'செட் டு மீ'. நான் திருத்தியது:

'இன் மை ஃபேர்ஸ்ட் மன்த், ஐ மேட் அ மிஸ்டேக் ஒன் அ பேமன்ட் வவுச்சர். ஐ வாஸ் அஃப்ரெய்ட். மேடம் புல்ட் அ செயார் நெக்ஸ்ட் டு மைன் அண்ட் செட், "லெட்ஸ் லுக் அட் இட் டுகெதர்." வீ ஸ்டேய்ட் டில் செவன். தென் ஷீ டுக் மீ டு த பஸ் ஹோல்ட் இன் ஹர் கார்.'

ஐந்து வாக்கியம். எல்லாச் சொல்லும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. 'ஐ வாஸ் அஃப்ரெய்ட்' என்பதைச் சொன்னபின் ஒரு மூச்சு நில்லுங்கள். இதன்பிறகு 'ஷீ இஸ் கைண்ட்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை, அந்த வரியை நான் எடுத்துவிட்டேன். உங்கள் பேச்சில் 'கைண்ட்', 'ஹம்பிள்', 'ஹெல்ப்ஃபுல்' என்று ஒன்பது புகழ்ச்சிச் சொற்கள் இருந்தன. சொல் ஒன்றுக்குச் சம்பவம் ஒன்று தேடுங்கள், கிடைக்காததை விட்டுவிடுங்கள். எனக்கு மூன்று கிடைத்தன: ஜன்னல், வவுச்சர், உங்கள் பெயரின் உச்சரிப்பு. ஐந்து நிமிடத்துக்கு அவை போதும். நிமிடத்துக்கு 100 சொல் என்ற நிதானத்தில் பேசினால் மொத்தம் 500 சொல்தான் கொள்ளும்.

'ஷீ' என்றால் மரியாதைக் குறைவா?

இல்லை. ஆங்கிலத்தில் அரசியாரும் 'ஷீ'தான், வீட்டு வாசலில் விளையாடும் பிள்ளையும் 'ஷீ'தான். மரியாதை அந்தச் சொல்லில் இல்லாததால் ஆங்கிலம் அதை வேறு இடங்களில் வைக்கிறது: முதலில் பெயரைப் பட்டத்தோடு முழுமையாகச் சொல்வது, அவர் இருக்கும் பக்கம் பார்த்துச் சொல்வது, குரலின் நிதானம். ஆனாலும் அவர் எதிரில் இருக்கும்போது ஐந்து நிமிடமும் 'ஷீ', 'ஷீ' என்றே போனால் அவரை ஒதுக்கிவைத்துப் பேசுவதுபோல் இருக்கும். உங்களுக்கு உறுத்தியது அதுவாகத்தான் இருக்கும், அந்த உணர்வு சரியானது. வழி இதுதான். சபைக்கு அவரைப் பற்றிச் சொல்லும்வரை 'ஷீ'. கடைசி அரை நிமிடத்தில் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி, 'மேடம்,' என்று அழைத்து, அதிலிருந்து 'யூ'. 'மேடம், யூ டோட் மீ டு செக் எவ்ரிதிங் ட்வைஸ்.' திரும்பியபின் மறுபடி 'ஷீ'க்கு வரக் கூடாது. நடுவில் ஒரு வரி 'யூ', அடுத்த வரி 'ஷீ' என்று கலப்பதுதான் கேட்பவரைக் குழப்பும்.

கணவரின் நோயைப் பற்றி

இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவரிடம் கேட்காமல் சொல்லாதீர்கள். நீங்கள் அதை அவருடைய மனவுறுதியைக் காட்டச் சொல்ல நினைக்கிறீர்கள், எண்ணம் நல்லதுதான். ஆனால் அது அவருடைய துக்கம். அலுவலகத்தில் எத்தனை பேரிடம் அதைப் பகிர்ந்தார், எத்தனை பேரிடம் மறைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. பாட்டும் சாப்பாடுமாக இருக்கும் ஒரு மாலையில், எதிர்பாராமல் அது ஒலிவாங்கியில் வந்தால் அவர் எல்லோர் முன்னாலும் கலங்கிப்போகலாம். ஒருவரைப் பற்றிப் பேச அனுமதி கிடைத்தால் அவருடைய வாழ்க்கை முழுவதையும் பேச அனுமதி கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய், வயது, குடும்பத்துக்குள் நடந்தவை, சம்பளம், மதம், இவற்றைத் தொடும் எந்த வரியானாலும் முன்கூட்டியே கேளுங்கள்.

கேட்பது கடினமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய், "மேடம், மே ஐ மென்ஷன் யுவர் ஹஸ்பண்ட் இன் மை ஸ்பீச்?" என்றால் போதும். அவர் சரி என்றால் ஒரே வரி: 'ஈவன் வென் ஹர் ஹஸ்பண்ட் வாஸ் இல், ஷீ நெவர் ஃபொர்கொட் அஸ்.' நோயின் பெயர், ஆஸ்பத்திரி, எத்தனை மாதம் என்பதெல்லாம் வேண்டாம். அவர் ஒரு கணம் தயங்கினாலும் அந்த வரியை விட்டுவிடுங்கள், மறுபடி கேட்கவும் வேண்டாம்.

அன்றைக்கு

மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு சொல் தொலைந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் சேர்ந்து போய்விடும். முழுவதையும் தாளில் பார்த்து வாசித்தால் அது போகாது, ஆனால் நீங்கள் நிமிர்ந்து யாரையும் பார்க்க மாட்டீர்கள். உங்களுக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் ஒன்று: சின்ன அட்டை ஒன்றில் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் முழுதாக எழுதுங்கள், நடுவில் 'வின்டோஸ்', 'வவுச்சர்', 'மை நேம்' என்று மூன்று சொல் மட்டும். அட்டையின் தலையில் பெரிய எழுத்தில் 'ஷீ – ஹர்' என்று எழுதிவையுங்கள்.

அப்படியும் 'ஹீ' வந்துவிட்டால் 'ஷீ' என்று ஒரு தரம் சொல்லிவிட்டு மேலே போங்கள். 'சொரி, சொரி' என்று நின்று மன்னிப்புக் கேட்காதீர்கள். பிழையைக் கவனிக்காதவர்களும் அப்போதுதான் கவனிப்பார்கள். ஒரு சொல்லில் எல்லோரும் சிரித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கும் ஆங்கிலம் பிறகு படித்த மொழிதான், மேடம் உட்பட. 'ஷீ இஸ் வேர்க்கிங் சின்ஸ் ட்வென்ட்டி இயர்ஸ்' என்று உங்கள் பணிப்பாளர்களில் ஒருவரே அன்றைக்குச் சொல்லக்கூடும்.

உறங்கப் போகும் முன் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், அறையில் இருக்கும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு தரம் பேசிக்காட்டுங்கள். அவர்களிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: 'ஹீ' வந்தால் கையைத் தூக்க வேண்டும், மற்ற எந்தப் பிழைக்கும் தூக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் எதுவும் நிற்காது. 'ஹீ' போன பிறகு, அடுத்த மாலையில் 'ஹஸ்'.

திருத்திய பிரதியை இதோடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் பெயரின் உச்சரிப்பைப் பற்றிய பகுதியை மட்டும் திருத்தவில்லை, ஏனென்றால் மேடம் அன்று சரியாக என்ன கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. அவருடைய சொற்களை ஞாபகப்படுத்தி, அப்படியே மேற்கோளாக எழுதி அனுப்புங்கள், வியாழக்கிழமைக்குள் பார்த்துத் தருகிறேன்.